பக்கத்துக் காம்பரா மிக்சி

—செவ்வாக்கெழமதான்னு நெனைக்கிறேன் அண்ணே. இல்ல, அதுக்கு முந்தின நாளா இருக்கணும். எனக்கே நெனப்பு சரியா இல்ல. நான் சொல்றதுல பாதி நடந்தது, பாதி எரிச்சல்ல நானாச் சேத்துக்கிட்டது. ஆனா மிக்சி நின்னு போனது மட்டும் உண்மை.

—எந்தக் கெழமையா வேணா இருக்கட்டும் ராஜகுமாரி. எத்தன மணிக்கு நின்னுச்சு, அதச் சொல்லு.

—காலம்பர அஞ்சு மணிக்கு. பெரட்டுல நின்னு அன்னிக்கு வேலைக்குப் பேரு குடுக்கப் போறதுக்கு முந்திச் சட்னி அரைச்சு வச்சிட்டுப் போகணும்ல. தேங்காயும் மொளகாயும் போட்டுத் திருப்புனேன். ஒரு மொனகல். எங்க கங்காணி மேட்டுல ஏறுறப்ப மொனகுவாரே, அதே மாதிரி. அப்புறம் நின்னு போச்சு.

—அடியில செவப்பு பட்டன் இருக்கே, அமுக்குனியா?

—அமுக்கி அமுக்கி என் வெரலுதான் செவந்து போச்சு.

—இதோ பாரு. தண்ணி ஊத்தி ஒரு புடி அரிசி போட்டிருக்கேன். ஓடுதா இல்லியா?

—ஓடுது. உங்க கடையில ஓடும் சில்வஸ்டர் அண்ணே. மூணு தடவ கொண்டாந்தேன், மூணு தடவையும் ஓடுச்சு. பந்தலூர் பஜார்ல இருக்கறவரைக்கும் தங்கக் கம்பி. எஸ்டேட் ரோட்டுல ஏறுனா கழுத.

—கேளு தங்கச்சி. மோட்டாருக்குள்ள கார்பன் நல்லாருக்கு. அடி ரப்பர் போன தடவ நான் மாத்துனது. வயரு வேகல. பின்னே மெஷினுமேல என்ன குத்தம் சொல்றது?

—அப்ப எதும்மேல சொல்றது? பக்கத்துக் காம்பரா தெய்வம்மாக்கா வச்சிருக்கறதும் இதே மிக்சிதான். போன தீபாவளி போனசுல, கூடலூர்ல ஒரே கடையில வாங்குனோம். ஒரே பஸ்ஸுல ரெண்டு பேரும் மடியில வச்சுக்கிட்டு வந்தோம். வளைவுல எனக்கு வாந்தி வந்தப்ப என் பெட்டியையும் சேத்து அவதான் புடிச்சுக்கிட்டா. எனக்கு இன்னிக்கும் ஒரு சந்தேகம்ணே. அப்ப மாத்திக்கிட்டாளோ?

—எந்தா தங்கச்சி! ஒட்டுன பெட்டிக்குள்ள எது நல்லதுன்னு அவ எப்படிக் கண்டா?

—அவளுக்குத் தெரியும். சந்தையில முள்ளங்கி எடுக்கறப்பவே அவ கைக்கு நல்லதுதான் மாட்டும். என் கைக்கு நாரு.

—அவ மிக்சி எப்படி ஓடுது?

—அதான்ணே வயிறு எரியுது. காலம்பர அஞ்சு மணி. சர்ர்ருன்னு ஒரே சீரா. ஒரு தெணறல் இல்ல, ஒரு மொனகல் இல்ல. சொவத்துக்கு அந்தப் பக்கம் அது பாடுது, இந்தப் பக்கம் நான் அம்மிய இழுத்துப் போட்டு ஒக்காந்திருக்கேன். அதுவும் ஒரு வேள இல்ல, மூணு வேளையும். தேயிலக் கொழுந்து வெல விழுந்ததும் மொத ஆளா அவ வீட்டுக்காரரு பேரத்தான் வெட்டுனாங்க. அவளுக்கும் மூணு மாசமா வேல இல்ல. நானாவது வாரத்துல நாலு நாளு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறேன். வேல இல்லாத வீட்டுல மூணு வேளையும் சட்னி! எங்கருந்துண்ணே வருது?

—அது நமக்கெதுக்கு. ஆனா ஒண்ணு. போன வாரம் அவ ஜாரத் தூக்கிட்டு வந்தா. ஜாருக்கு அடியில புஷ்ஷுன்னு ஒண்ணு இருக்கு, பிளேடு நின்னு சுத்தறதுக்கு. அது காஞ்சு கருகிப் போயிருந்துச்சு. பிளேடு பாத்தா வாங்குன அன்னிக்கு இருந்த மாதிரி. முப்பது வருசமா மிக்சி பாக்கறேன், புஷ் செத்து பிளேடு பொழைச்ச ஜார நான் கண்டதில்ல. எனக்கே பிடி கிட்டல.

—கழுவுவா அண்ணே. அப்படிக் கழுவுவா. பளபளன்னு வச்சு எனக்குக் காட்டணும்ல.

—சரி, அத விடு. இப்ப இத எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு சொல்றேன். ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் மிக்சிய மாத்திக்கங்க. உன்னுது அங்கயும் நின்னா மெஷின் கோளாறு. அங்க ஓடுச்சுன்னா கரண்டு கோளாறு.

—ஒரே லயம், ஒரே வரிச வீடு, ஒரே கம்பம். கரண்டு எப்படிண்ணே மாறும்?

—பின்னே! ஃபேக்டரியிலருந்து மூணு கம்பி வருது. கொழுந்த வாட்டுற பெரிய ஃபேனு ராத்திரி பூரா ஓடும்ல, அது இழுக்கற இழுப்புல ஒரு கம்பி எளச்சுப் போகும். இன்னொண்ணு தெம்பா இருக்கும். ஒருவேள அவ காம்பராவுக்குத் தெம்பான கம்பியக் குடுத்திருப்பாங்க. கம்பத்துல ஏறுனவனுக்கு அஞ்சு நிமிசம் போதும்.

—அந்தக் கம்பத்துல ஏறுறவரு என் வீட்டுக்காரருண்ணே.

—அட, பழனியாண்டி உன் ஆளுல்ல! அப்ப ஒரு பிரச்னையும் இல்ல. வீட்டுக்குப் போய் அவரக் கேளு, முடிஞ்சுது.

—கேக்கறேன். போன மாசம் மூணு தடவ அவ காம்பராவுக்குள்ள போய்ட்டு வந்தாரு. டெஸ்டரு சட்டப் பையில. நம்ம காம்பராவுல பல்பு மாத்தச் சொன்னா மூணு வாரம் ஆகும்.

—தங்கச்சி, நான் கரண்டப் பத்தித்தான் சொன்னேன். வேற எதும் சொல்லல.

—நீங்க சொல்லலண்ணே. மிக்சியக் கட்டிக் குடுங்க.

*

—தெய்வம்மாக்கா! அக்கோவ்! உள்ளதான இருக்கீங்க?

—எங்க போகப்போறேன். வாட்டி ராஜி. உள்ள வராத, அங்கயே வெளித் திண்ணையில, இஸ்தோப்புல இரி. உள்ள தர ஈரமா கெடக்கு பாத்துக்கோ.

—உங்களுக்கு மட்டும் எப்பப் பாரு தர ஈரமா கெடக்கு. இன்னிக்கு என்ன சட்னி?

—தேங்காச் சட்னிதான். பொட்டுக்கடல கொஞ்சம் தூக்கலா. அவுகளுக்கு அப்படி இருந்தாத்தான் எறங்கும்.

—வாசமே வரல.

—மூடி வச்சிருக்கேன்லா.

—நேத்து?

—நேத்து மல்லி.

—அதுக்கும் வாசம் வரல. நான் ஒரு கருவாடு சுட்டா நாலாவது காம்பராவுலருந்து யாரு வீட்டுலன்னு கேப்பாங்க. உங்க வீட்டுல சத்தம் மட்டும் சொவரத் தாண்டி வருது, வாசத்த நீங்களே வச்சுக்கறீங்க. நாங்க என்ன, பங்கு கேட்டா வந்துருவோம்?

—போட்டி இவளே. சத்தம் ரொம்பக் கேக்கோ?

—கேக்காம? அஞ்சு மணிக்கு எனக்கு அலாரமே அதான்.

—உனக்குக் கேக்கும், நீ பக்கத்துல இருக்க. கடைசிக் காம்பரா மூக்கம்மாவுக்கும் கேக்குமோ?

—அவங்கதான் நேத்துச் சொன்னாங்க, தெய்வம்மா வீட்டுல வேல போனாலும் வாய்க்கு ருசி போகலன்னு.

—அப்படியா சொன்னா?

—அப்படித்தான் சொன்னாங்க. என்னக்கா சிரிக்கறீங்க?

—சும்மாதான். நல்லாருக்கட்டும் அவ.

—அக்கா, ஒரு ஒதவி. ஒரே ஒரு நாளு உங்க மிக்சிய எனக்குக் குடுங்க, என்னுத நீங்க வச்சுக்கங்க. சில்வஸ்டர் அண்ணன் சொன்னாரு, மெஷின் கோளாறா கரண்டு கோளாறான்னு பாக்கணுமாம்.

—கரண்டா? ஏன், உன் வீட்டுக்காரரு ஏதும் சொன்னாரா?

—அவரு என்ன சொல்லணும்?

—ஒண்ணுமில்ல. கேட்டேன்.

—அவரு எதச் சொல்லியிருப்பாருன்னு கேக்கறீங்க?

—ஒண்ணுமில்லங்கேன்லா. ஜாரையும் சேத்தா மாத்தணும்?

—ஜாரையும்தான். ஏன், உங்க ஜாருல தங்கமா ஒட்டியிருக்கு?

—இந்தா, எடுத்துட்டுப் போ. ஒரு நாளு, அவ்வளவுதான். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள என்னுது எங்கிட்ட வந்துரணும். கேட்டியா?

*

—சோத்தப் போட்டேன், சாப்புடுங்க. சட்னி கெடையாது. இனிமே இந்தக் காம்பராவுல சட்னி கெடையாது.

—ம்.

—ஏன்னு கேக்க மாட்டீங்க. நானே சொல்றேன். நேத்துச் சாயங்காலம் மிக்சிய மாத்திக்கிட்டோம். இன்னிக்குக் காலம்பர அவ மிக்சிய இங்க போட்டேன். மொனகிட்டு நின்னு போச்சு. அதே நேரத்துல என் மிக்சி அவ வீட்டுல ஓடுது. என் மிக்சி! வாங்குன நாள்லருந்து எனக்கு ஒரு நாளு அப்படி ஓடலிங்க. பொறந்த வீட்டுக்கு வந்த மாதிரி அவகிட்டப் பாடுது. சொவத்துல காத வச்சுக் கேட்டுக்கிட்டு நின்னேன். அழுக வந்துருச்சு. அப்ப மெஷின்ல கோளாறு இல்ல. கரண்டுலதான் கோளாறு. அவளுக்குத் தெம்பான கம்பி, எனக்கு எளச்ச கம்பி. யாரு குடுத்தது?

—எல்லாம் ஒரே கம்பிதான் ராஜி.

—ஒரே கம்பி. சரி. போன மாசம் அவ காம்பராவுக்கு எதுக்குப் போனீங்க?

—சுவிட்சு பாக்க.

—ரெண்டாவது தடவ?

—……

—மூணாவது தடவ ஒரு பை கொண்டுக்கிட்டுப் போனீங்க. காக்கிப் பை. மூக்கம்மாக்கா பாத்தாங்க. திரும்பி வர்றப்பவும் அந்தப் பை கையில இருந்துச்சுன்னும் சொன்னாங்க. என்னங்க அதுல?

—கேக்காத.

—கேக்காதவா? பதினெட்டு வருசமா உங்களுக்கு ஆக்கிப் போடுறேன், பை என்னன்னு கேக்கக்கூடாதா? பேசுங்களேன். மோட்டாரோட பேசுவீங்க, ஃபேனோட பேசுவீங்க, பெல்ட்டு அறுந்தா அதுகிட்ட ஆறுதல் சொல்லுவீங்க. எங்கிட்டப் பேசுங்க.

—சொல்ல வேண்டியது என்னுது இல்ல ராஜி. அதான் சொல்லல.

—அப்ப அவளுதா?

—……

—சரி. ரெண்டுல ஒண்ணு செய்ங்க. அவ வீட்டுக் கம்பிய எனக்கு மாத்துங்க. இல்ல, எனக்குள்ளத அவளுக்குக் குடுங்க, ரெண்டு பேரும் சேந்து அம்மியில அரைக்கறோம். ரெண்டும் செய்யலன்னா, சனிக்கெழம பைப்படியில தண்ணி வர்ற நேரத்துல, லயம் மொத்தமும் கேக்க அவகிட்டயே கேட்டுருவேன்.

—அத மட்டும் செய்யாத.

—ஏன்? அவளுக்கு வலிக்குமா?

—ஆமா. வலிக்கும்.

—பாருங்க, ரெண்டு வார்த்த பேசுனீங்க. அதுவும் அவளுக்காக.

*

—வரிசையில வா ராஜி. என் கொடம் நெறஞ்சதும் நீ வய்யி.

—வரிசையா? கரண்டுல வரிச பாத்தீங்களா தெய்வம்மாக்கா நீங்க? எல்லாரும் கேட்டுக்கங்க. மூக்கம்மாக்கா, கொடத்த எறக்கி வச்சிட்டு நீங்களும் கேளுங்க. இந்த லயத்துல பதினாறு காம்பராவுக்கும் பல்பு மின்மினிப்பூச்சி மாதிரி எரியுது. ஒரு காம்பராவுல மட்டும் மிக்சி பாடுது. எப்படின்னு யாராச்சும் யோசிச்சீங்களா?

—ஏட்டி, என்ன பேசுத?

—உங்க காம்பராவுக்குத் தனிக் கம்பி. என் வீட்டுக்காரரு கம்பத்துல ஏறிக் குடுத்த கம்பி. நீங்க மூணு வேளையும் அரைக்கறது திருட்டுக் கரண்டுல அரைக்கற சட்னி. இல்லன்னு சொல்லுங்க பாப்போம். ஃபேனு ஓடுற நேரத்துல, கரண்டு எளச்சுப் போற நேரத்துல, உங்க மிக்சி மட்டும் எப்படித் தெணறாம ஓடுது? இத்தன பேரு நிக்கறாங்க. சொல்லுங்க.

—……

—சொல்லுங்கக்கா. எப்படி ஓடுது?

—ஆமா.

—என்ன ஆமா?

—திருட்டுக் கரண்டுதான். நீ சொன்னது சரி. தனிக் கம்பிதான் எனக்கு. போதுமா? கொடத்த வய்யி, தண்ணி வீணாப் போகுது.

—அக்கா…

—நான்தான் கேட்டேன். உன் வீட்டுக்காரரு மேல ஒண்ணும் இல்ல, நல்ல மனுசன் அவரு. நான்தான் கேட்டேன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கங்க. தள்ளுட்டி, வழி விடு.

*

—வந்துட்டீங்களா! மணி ஏழு கூட ஆகல, அதுக்குள்ள டூட்டி முடிஞ்சுச்சா? இருங்க, பேசாதீங்க. மொதல்ல இதக் கேளுங்க. கேட்டுச்சா? சர்ர்ருன்னு! இன்னும் ஒருக்கா போடுறேன், கேளுங்க.

—ம்.

—அஞ்சு மணிக்கு ஒரு நம்பிக்கையும் இல்லாமத்தான் போட்டேன். அள்ளிக்கிட்டு ஓடுதுங்க! தேங்கா வெண்ணெ மாதிரி வந்துருச்சு. சந்தோசத்துல தக்காளி அரைச்சேன், வெங்காயம் அரைச்சேன், மல்லி, புதினா, வீட்டுல இருந்த எல்லாத்தையும் அரைச்சுட்டேன். அந்தா பாருங்க, அஞ்சு கிண்ணம். பல்பப் பாத்தீங்களா? கண்ணு கூசுது. ராத்திரியே கம்பிய மாத்திட்டீங்களா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல.

—நான் எதையும் மாத்தல.

—போங்க. கோவமா? பைப்படியில நடந்தது காதுக்கு வந்துருச்சா?

—வந்துச்சு.

—கேட்டது தப்புன்னா தப்புதான். ஆனா அவளே ஒத்துக்கிட்டாளே. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. சண்டைக்கு வருவான்னு பாத்தா, ஆமான்னுட்டா. நேத்துலருந்து அவ காம்பராவுல சத்தமும் இல்ல. சரி, நீங்க மாத்தலன்னா இது எப்படி ஓடுது?

—ஃபேன நிறுத்தியாச்சு.

—எந்த ஃபேன?

—எல்லா ஃபேனும். ராத்திரி கடைசிக் கொழுந்த வாட்டி முடிச்சோம். நாலு மணிக்கு மெயின நான்தான் எறக்குனேன். துரை பக்கத்துல நின்னாரு. கேட்டுல மூடுறோம்னு பேப்பர் ஒட்டியாச்சு. ஃபேக்டரி இழுத்துக்கிட்டிருந்த கரண்டு பூரா இப்ப லயத்துக்கு வருது. அதான் ஓடுது.

—எத்தன நாளைக்குங்க?

—பேப்பர்ல நாள் போடல.

—அப்ப கொழுந்து?

—ஃபேக்டரி இல்லாம கொழுந்து எதுக்கு? நாளைலருந்து மலைக்கும் பேரு இல்ல. உக்காரு ராஜி.

—இருங்க. ஒரு நிமிசம். இத நிறுத்திட்டு வரேன். …அப்ப அவ கம்பி?

—பதினாறு காம்பராவுக்கும் ஒரே கம்பி. அன்னிக்கே சொன்னேன்.

—பொய். நான் மாத்திப் பாத்தேன். என் மிக்சி அவ வீட்டுல ஓடுச்சு.

—பாத்தியா?

—கேட்டேன்.

—பாத்தியா?

—சொவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன்.

—ஜாருக்குள்ள என்ன இருந்துச்சு?

—சட்னிதான். வேற என்ன இருக்கும்?

—ஒண்ணும் இல்ல ராஜி.

—என்ன ஒண்ணும் இல்ல?

—ஜாருக்குள்ள ஒண்ணும் இல்ல. வெறும் ஜாரு. அதுல அரைபட எதுவுமே இல்லன்னா, எவ்வளவு எளச்ச கரண்டுலயும் சர்ருன்னுதான் ஓடும். மொதத் தடவ, ஜாரு சூடாகுது, கருகுற வாட வருதுன்னு என்னக் கூப்புட்டா. போய் மூடியத் தொறந்தேன். காஞ்சு கெடந்துச்சு. அடுப்பையும் பாத்தேன். ரெண்டு நாளா எரியல. மத்த நாள்லயும் ஒரு வேள ரேசன் அரிசிக் கஞ்சியிலதான் ரெண்டு பேரும் இருக்காங்க. சத்தம் கேட்டா ஏதோ அரைக்கறாங்கன்னு லயம் நெனச்சுக்கும், அதுக்கு ஓட்டறேன்னா.

—மூணு மாசமாவா?

—மூணு மாசமா. இன்னொரு நாளு போயி, ஜாருல கொஞ்சம் தண்ணி ஊத்தி ஓட்டுங்க, புஷ் தாங்கும்னு சொன்னேன். தண்ணி ஊத்துனா சத்தம் மாறுது, பக்கத்துல ராஜி கண்டுபுடிச்சிருவான்னா. மூணாவது தடவ நம்ம அரிசியில ரெண்டு படி பையில கொண்டு போனேன். வாங்கல. பை திரும்பி வந்துச்சு.

—எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.

—கையெடுத்துக் கும்புட்டா. யாருகிட்ட சொன்னாலும் சொல்லுங்க, ராஜிகிட்ட மட்டும் வேணாம்னா.

—ஏன் நான் மட்டும்? நான் என்ன அவ்வளவு கெட்டவளா? சொல்லுங்க. என்ன சொன்னா?

—இந்த லயத்துல என்னப் பாத்து இன்னும் பொறாமப்படுறவ ராஜி ஒருத்திதான். அதயும் எடுத்துறாதீங்கன்னா. அழாத.

—பைப்படியில அத்தன பேரு முன்னாடி திருடின்னு சொன்னேங்க. ஆமான்னா. திருடின்னு பேரு வாங்குனாலும் பரவால்ல, அடுப்பு எரியலன்னு தெரியக்கூடாது. அவ்வளவு பெரிய மனுசிய நான் கொடத்த வச்சுக்கிட்டு மறிச்சேன்.

—ம்.

—அஞ்சு கிண்ணம் சட்னி இருக்கு. கொண்டு போய்க் குடுத்துட்டு வரட்டுமா?

—வாங்க மாட்டா. எல்லாம் தெரிஞ்சு வந்திருக்கன்னு புரிஞ்சு போகும்.

—அப்ப நான் என்னதான் செய்யறது? முன்ன மாதிரியே பொறாமப்பட்டுக்கிட்டு இருக்கவா?

—முடிஞ்சா இரு.

*

—யாரு, ராஜியா? வராமலே போயிட்டியோன்னு நெனச்சேன். வா, இரி. அங்கயே இஸ்தோப்புல இரி.

—தர ஈரமா இருக்குமே, தெரியும். நான் உள்ள வரலக்கா.

—பதினஞ்சு நாளா இந்தப் பக்கமே காணல.

—என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? பைப்படியில பேசுன பேச்சுக்கு…

—அத விடுட்டி. தண்ணியோட போச்சு.

—மறுபடி சத்தம் கேக்குது. முந்தாநேத்துலருந்து.

—ஆமா. புஷ்ஷு மாத்திட்டேன். சில்வஸ்டரு போறதுக்கு முந்தி சும்மாவே போட்டுக் குடுத்துட்டுப் போனாரு.

—போயிட்டாரா?

—தெரியாதா உனக்கு? கடையக் காலி பண்ணிட்டாரு. மானந்தவாடியில மச்சான் கடையில ஒக்காந்திருக்காராம். மிக்சிய ரிப்பேருக்குக் கொண்டார ஆளு இல்ல இங்க, அரைக்கறவனுக்குத்தான ரிப்பேருன்னாரு.

—மூக்கம்மாக்காவும் ஞாயித்துக்கெழம போறாங்களாம். மக திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறாளாம், அவளோட.

—சொன்னா. எங்க அவுகளும் வயநாட்டுப் பக்கம் இஞ்சிக் காட்டு வேலைக்குப் போயிருக்காக. போயி எட்டு நாளாச்சு. உன் வீட்டுக்காரரு?

—கோயமுத்தூர்ல யாரோ வயரிங் கான்ட்ராக்டராம். டூல்சுப் பையத் தூக்கிட்டுப் போனாரு. போன் பண்றேன்னாரு, பஜார் பூத்துக்கு தெனம் போயிட்டு வரேன், இன்னும் வரல. பேசாத மனுசன், போன்ல மட்டும் என்ன பேசிறப் போறாரு.

—பேசுவாரு. பேசாதவுக தூரத்துல போனாப் பேசுவாக, பாத்துக்கோ.

—இன்னிக்கு என்னக்கா சட்னி?

—மல்லிதான். இஞ்சி கொஞ்சம் வச்சு.

—குடுத்து வச்சவ நீங்க. எங்க வீட்டுல சட்னின்னு ஒண்ணு அரைச்சு நாளாச்சு. எனக்கு வயிறு எரியுதுக்கா, சத்தியமா. காலம்பர அந்தச் சத்தம் கேட்டா இன்னும் எரியுது.

—போட்டி, பொறாம புடிச்சவளே.

—ஆமா, அப்படித்தான். சிரிங்க.

—உன் மிக்சி என்ன ஆச்சு? இப்பத்தான் கரண்டு நல்லா வருதே.

—நல்லாத்தான் வருது. அஞ்சு மணிக்கு பல்பு பகல் மாதிரி எரியுது. மூக்கம்மாக்கா நேத்து வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போனாங்க. என்ன ராஜி, நாலு நாளா உன் காம்பராவுல ஒரு சத்தத்தையும் காணோமேன்னு.

—நீ என்ன சொன்ன?

—மிக்சி ரிப்பேருன்னேன்.

—ராஜி.

—அக்கா, ஒண்ணு கேக்கறேன். உள்ள ஒண்ணும் போடாம, புஷ்ஷு கருகாம, எத்தன நிமிசம் ஓட்டலாம்?